பொய்ப்படம் சாட்சி ஆகாது



2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்து, மலையகத் தமிழரின் இருநூறாண்டை நினைவுகூர்ந்தோம். அவ்வரலாற்றை ஆவணப்படமாக்க இன்று நம் இளைஞர் முனைகின்றனர், வாழ்த்துகிறோம். ஆனால் 1820-களில் கோப்பித் தோட்டங்களுக்குக் காடு கடந்து வந்தோரைப் படமெடுத்தவர் எவருமிலர். இல்லாத அப்படத்தைச் செயற்கை நுண்ணறிவு நொடியில் செய்து தருகிறது. அதை உண்மைப் படம்போலக் காட்டுவது அறமாகுமா?

அப்பொறி எதைக்கொண்டு வரைகிறது? தனக்கு ஊட்டப்பட்ட பழைய படங்களைக்கொண்டு. அவற்றை எடுத்தவர் யாவர்? பொகவந்தலாவையில் அடக்கமாகியுள்ள ஜூலியா மார்கரட் கமரோன் 1870-களில் இந்நாட்டுத் தொழிலாளரைப் படமெடுத்தார். பல படங்களில் இருப்போரின் பெயர்தானும் பதிவாகவில்லை. 1934-இல் வந்த ‘சோங் ஒவ் சிலோன்’ தேயிலைப் பிரசாரச் சபைக்காக எடுக்கப்பட்டது. தேயிலைப் பொட்டலத்தில் சிரிக்கும் முகத்தையே பொறி கற்றிருக்கும். லயத்துப் புகையையும் அட்டைக்கடியையும் அது எங்கே கற்றது?

“உன் தந்தை எங்கே பிறந்தான்? பாட்டன் எங்கே பிறந்தான்? சான்று கொண்டுவா!” என்றது 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம். சான்று காட்ட இயலாமல் இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். சான்றின்மையால் வீழ்த்தப்பட்ட மக்கள், பொய்ச்சான்றை நம்பி எழ முடியுமா? போலிப்படம் ஒன்று அகப்பட்டால், உண்மைப் படங்கள் பத்தும் போலியென்றே தள்ளப்படும். காணியுரிமை கேட்டு நிற்கும் நமக்கு அந்த இழப்பைத் தாங்க வலுவுண்டா?

“படமின்றிக் கதை சொல்வதெப்படி?” எனக் கேட்பீர்கள். ஓவியரை அழையுங்கள், ஓவியம் தன்னை ஓவியமென்றே சொல்லும். முதியோரின் வாய்மொழியைப் பதியுங்கள். பழைய செக்ரோல் ஏடுகளையும் கல்லறைகளையும் காட்டுங்கள். பொறி செய்த படம் வேண்டியே தீருமாயின், அது திரையில் நிற்கும் வரை “இது செய்யப்பட்டது” என்ற எழுத்தும் நிற்கட்டும். அமெரிக்காவில் ஆவணப்படங்களுக்குப் பழம்படம் தேடித்தருவோரின் கூட்டமைப்பு 2024-இல் வகுத்த நெறியும், பார்ப்போரிடம் ஒளிக்காதே என்பதே. உண்மையில் வாழ்ந்தவரின் முகத்தையோ குரலையோ குடும்பத்தாரின் இசைவின்றிப் படைக்கலாகாது. உண்மைப் படத்தில் ஒரு கோட்டையும் மாற்றலாகாது.

படம் இல்லாத இடம் இருளாகவே இருக்கட்டும். நம் முன்னோரின் வாழ்வு படமாகப் பதிவாகாமலே போனது என்பதற்கு அவ்விருளே சாட்சி. அந்தச் சாட்சியை நம் கையாலேயே அழியோம்!