பாரத்தைக் குறைப்பதா, எஞ்சினைப் பெருக்குவதா?

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தொடக்கப் பள்ளிகளிலிருந்தும் வந்திருக்கிறீர்கள், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். ‘இயக்க விதிகளை வாழ்க்கையோடு இணைத்தல்’ என்று எனக்குப் பெரிய தலைப்பாகக் கொடுத்துவிட்டார்கள். அதைச் சுருக்கி ஒரே ஒரு கேள்வியாக்கிக்கொள்கிறேன். ஒரு வண்டி வேகமாகப் போக வேண்டுமானால் அதன் எடையைக் குறைக்க வேண்டுமா, எஞ்சினின் திறனைக் கூட்ட வேண்டுமா? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. இதே கேள்வியில் நான் ஒரு மாணவனின் சரியான விடையைத் தவறு என்று அடித்திருக்கிறேன்.

பத்தாம் வகுப்பு, முதல் பாடம், இயக்க விதிகள். பாடம் முடிந்ததும் ஒரு வகுப்புத் தேர்வு வைத்தேன். அதில் நானே எழுதிய இரண்டு மதிப்பெண் வினா ஒன்று: ‘ஒரே எஞ்சின் கொண்ட இரு வண்டிகளில் ஒன்றின் சுமையைப் பாதியாகக் குறைத்தால் அதன் உச்ச வேகம் என்ன ஆகும்? ஏன்?’ விசை என்பது நிறை பெருக்கல் முடுக்கம். நிறை குறைந்தால் முடுக்கம் கூடும். ஆகவே உச்ச வேகமும் கூடும். இதுதான் என் விடைக்குறிப்பு. இங்கே சிலர் தலையசைக்கிறீர்கள். நானும் அன்று அப்படித்தான் தலையசைத்தேன்.

ஒரு மாணவன் மட்டும் ‘மாறாது, பிக்கப் கூடும்’ என்று எழுதியிருந்தான். ‘பிக்கப்’ என்ற சொல்லுக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு, ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி. தாள் கொடுத்த மறுநிமிடம் மேசைக்கு வந்து நின்றான். “சார், எங்கப்பா குட்டியானை ஓட்றாரு. லோடு இருந்தாலும் இல்லாட்டாலும் பைபாஸ்ல ஒரே ஸ்பீடுதான் சார் போகும். லோடு இருந்தா பிக்கப் வராது, பாலம் ஏற்றப்ப திணறும். அவ்ளோதான்.”

“பாடப் புத்தகத்துல என்ன இருக்கோ அதை எழுதுடா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது, புத்தகத்தில் நான் சொன்னது எங்கே இருக்கிறது என்று யோசித்தேன். எங்கும் இல்லை. இரண்டாம் விதி முடுக்கத்தைப் பற்றித்தான் பேசுகிறது. உச்ச வேகம் என்பதை நானாக அதன் வாலில் கட்டிவிட்டிருந்தேன்.

நாம் ‘வேகம்’ என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளில் புழங்குகிறோம். வண்டி எவ்வளவு சீக்கிரம் வேகமெடுக்கிறது என்பது ஒன்று. கடைசியில் எவ்வளவு வேகத்தில் போய் நிற்கிறது என்பது இன்னொன்று. ஒர்க்‌ஷாப்பில் வளரும் பிள்ளைகளிடம் இதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன: பிக்கப், ஸ்பீடு. அவனிடம் இருந்த தெளிவு என் வினாத்தாளில் இல்லை.

இதை எண்களோடு சரிபார்க்க வேண்டுமென்று தோன்றியது. ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றதை மாற்றாமல் வைக்க வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொடுக்கிறோம். கார்களில் அப்படிப்பட்ட சோதனையை யாராவது நமக்காகச் செய்து வைத்திருக்கிறார்களா என்று தேடினேன். அழகான இரண்டு இணைகள் கிடைத்தன.

முதல் இணை, எஞ்சின் ஒன்று, எடை வேறு. இங்கிலாந்தில் 1995இல் எம்.ஜி. எஃப் என்று இருவர் அமரும் கார் ஒன்று வந்தது. ரோவர் நிறுவனத்தின் 1.8 லிட்டர் எஞ்சின், சுமார் 120 குதிரைத்திறன், காரின் எடை சுமார் 1,070 கிலோ. அடுத்த ஆண்டே லோட்டஸ் நிறுவனம் எலிஸ் என்ற காரைக் கொண்டுவந்தது. அதே ரோவர் எஞ்சின், அதே அளவு திறன். ஆனால் எடை சுமார் 725 கிலோதான். அலுமினியப் பட்டைகளைப் பசையால் ஒட்டிச் செய்த சட்டகம், அதன் மேல் கண்ணாடி இழைக் கூடு. உள்ளே சொகுசு என்று சொல்ல ஒன்றும் கிடையாது.

நின்ற நிலையிலிருந்து ஏறக்குறைய 100 கி.மீ. வேகத்தை எட்ட எம்.ஜி.க்கு எட்டரை வினாடி ஆனது. எலிஸுக்கு ஆறு வினாடி. நிறைகளின் விகிதம் ஏறக்குறைய 1.5, நேரங்களின் விகிதம் 1.4. கிளட்ச், கியர், டயர் வழுக்கல் என்று ஆயிரம் சிக்கல் உள்ள நிஜ வண்டியில், கரும்பலகையில் எழுதிய சமன்பாடு இவ்வளவு நெருக்கமாக வருவதைப் பார்த்து எனக்கே ஆச்சரியம்.

இப்போது உச்ச வேகம். இரண்டுமே மணிக்கு 200 கி.மீ.க்குச் சற்று முன்னே பின்னேதான்! மூன்றில் ஒரு பங்கு எடையைக் குறைத்தும் உச்ச வேகத்தில் கிடைத்த லாபம் கொஞ்சம்தான். குட்டியானையின் பைபாஸ் கணக்கு இங்கிலாந்திலும் செல்லுபடியாகிறது.

ஏன் என்று கேட்டால், உச்ச வேகத்தில் முடுக்கம் சுழி. எஞ்சின் தரும் விசை முழுவதும் தடைகளைச் சமன் செய்வதிலேயே தீர்ந்துவிடுகிறது. அந்த வேகத்தில் பெரிய தடை காற்று. முன்னால் நிற்கும் வண்டியின் பரப்பும் வடிவமும் காற்றுக்குத் தெரியும். உள்ளே எத்தனை மூட்டை இருக்கிறது என்பது தெரியாது. டயர் உருளும் தடைக்கு எடை தெரியும், ஆனால் 200 கி.மீ. வேகத்தில் அது காற்றுத் தடைக்குப் பக்கத்தில் மிகச் சிறியது. மேடு ஏறும்போது கதை வேறு. அங்கே புவியீர்ப்பு ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குக் கேட்கும். பாலத்தில் வண்டி திணறுவது அதனால்தான்.

இரண்டாவது இணை, கார் ஒன்று, திறன் வேறு. 2005இல் வந்த புகாட்டி வேரோன், எடையைப் பற்றிக் கவலையே படாத கார். 8 லிட்டர் எஞ்சின், 16 சிலிண்டர்கள், நான்கு டர்போக்கள், 1,001 குதிரைத்திறன், ஏறக்குறைய 1,900 கிலோ. எஞ்சின் பெருத்தால் சூடு பெருகும். சூட்டைத் தணிக்க அதில் பத்து ரேடியேட்டர்கள். ரேடியேட்டருக்கும் எடை உண்டு, அந்த எடையை நிறுத்தப் பெரிய பிரேக், அதைத் தாங்கப் பெரிய டயர். இந்தச் சங்கிலியை மாணவர்களே ஒவ்வொன்றாகச் சொல்லும்படி விட்டுப் பாருங்கள், வகுப்பு களைகட்டும். இதன் உச்ச வேகம் மணிக்கு 407 கி.மீ. அந்த வேகத்தில் ஓட்டினால் 100 லிட்டர் டேங்க் சுமார் 12 நிமிடத்தில் காலி என்பார்கள்.

2010இல் அதையே 1,200 குதிரைத்திறனாக்கி, வடிவத்திலும் சில மாற்றங்கள் செய்து, சூப்பர் ஸ்போர்ட் என்று வெளியிட்டார்கள். அது எட்டிய வேகம் 431 கி.மீ. கவனியுங்கள். திறன் 20 விழுக்காடு கூடியது, வேகம் 6 விழுக்காடுதான் கூடியது.

காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். திறன் என்பது விசை பெருக்கல் திசைவேகம். ஆக, தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 1.06ஐ மூன்று முறை பெருக்குங்கள்: 1.19. கூடுதல் திறன் 1.2 மடங்கு. கணக்கு கையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு திறன் வேண்டும் என்று வெறுமனே சொன்னால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். ஆடிக் காற்றில் எதிர்முகமாகச் சைக்கிள் மிதித்தது உண்டா என்று கேட்டுவிட்டுச் சொன்னால் நம்புவார்கள்.

லோட்டஸ் நிறுவனரைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சு நிறைவு பெறாது. காலின் சாப்மன், 1928இல் பிறந்தவர், லண்டனில் கட்டமைப்புப் பொறியியல் படித்தவர். திறனைக் கூட்டினால் நேர்ச்சாலையில்தான் வேகம், எடையைக் குறைத்தால் எல்லா இடத்திலும் வேகம் என்ற கருத்து அவர் பெயரில் வழங்கிவருகிறது. 1962இல் அவர் செய்த லோட்டஸ் 25 பந்தயக் காரில் குழாய்ச் சட்டகத்தையே நீக்கிவிட்டு, தகட்டால் ஆன கூடே சுமையைத் தாங்கும்படி அமைத்தார். எடை குறைந்தது, உறுதி கூடியது. மறு ஆண்டு ஜிம் கிளார்க் அந்தக் காரில் பத்துப் பந்தயங்களில் ஏழை வென்று உலகச் சாம்பியன் ஆனார். பந்தயத் தடத்தில் சாப்மன் கருத்து சரிதான். அங்கே வண்டி வளைவில் வேகம் குறைத்து மறுபடி எடுத்து, குறைத்து எடுத்துக்கொண்டே இருக்கிறது. உச்ச வேகத்தில் கழியும் நேரம் சொற்பம்.

இதை வகுப்பில் சொல்லி முடித்தபோது ஒரு மாணவி கேட்டாள்: “உராய்வு விசையும் நிறையைப் பொறுத்ததுதானே சார்? ரெண்டு பக்கமும் நிறை அடிபட்டுப் போயிடுமே. அப்போ வளைவுலயும் பிரேக்லயும் லேசான காருக்கு என்ன லாபம்?” “நாளைக்குச் சொல்றேம்மா” என்றேன். உண்மையிலேயே எனக்கு அப்போது தெரியாது. மறுநாள் சொன்னது இது: புத்தக விதிப்படி சுமை இரட்டித்தால் உராய்வும் இரட்டிக்க வேண்டும். ரப்பர் டயர் அப்படி நடந்துகொள்வதில்லை. சுமை இரட்டித்தால் அதன் பிடிப்பு இரண்டு மடங்குக்குக் குறைவாகவே கூடும். ஆகவே லேசான காருக்கு ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் பிடிப்பு அதிகம். இன்னொன்று சூடு. நிறுத்தும்போது இயக்க ஆற்றல் முழுவதும் பிரேக்கில் வெப்பமாகிறது. நிறை இரட்டித்தால் வெப்பமும் இரட்டிக்கும். கொல்லிமலையில் பாரத்தோடு இறங்கும் லாரி ஓட்டுநரைக் கேட்டால் இதைவிட நன்றாகச் சொல்வார்.

எடையைக் குறைத்துக்கொண்டே போகலாமா என்றால், அதற்கு ஒரு விலை உண்டு. லோட்டஸ் ஓட்டுநர் யோகன் ரிண்ட் 1969இல் சாப்மனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கார்கள் வேகமாக இருக்கின்றன, பலவீனமான பாகங்களைச் சற்றே கனமாக்கி வலுப்படுத்தினால் என்ன என்பது அதன் சாரம். 1970 செப்டம்பரில் இத்தாலியின் மோன்சா தடத்தில், நேர்ச்சாலை வேகத்துக்காகக் காற்றைத் தடுக்கும் இறக்கைகளைக் கழற்றிவிட்டு ஓடிய பயிற்சிச் சுற்றில் ரிண்ட் இறந்தார். பிரேக் தண்டு ஒன்று முறிந்ததே விபத்தின் தொடக்கம் என்றும், சரியாக நிறுவப்படாத தடுப்புவேலி உயிரைப் பறித்தது என்றும் பின்னர் விசாரணையில் தெரிந்தது. அந்த ஆண்டின் உலகச் சாம்பியன் பட்டம் அவர் இறந்த பிறகு அவருக்கே கிடைத்தது. பைக்கில் கண்ணாடியையும் மட்கார்டையும் கழற்றிப் போட்டுவிட்டு வரும் நம் பதினோராம் வகுப்புப் பையன்களிடம் இந்தக் கதையைச் சொல்கிறேன். அமைதியாகக் கேட்கிறார்கள். கண்ணாடியை மறுபடி மாட்டியவர்களும் உண்டு.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. நிறையை உணர்த்த நாம் வழக்கமாக ஒரு காலிப் பெட்டியையும் நிரம்பிய பெட்டியையும் தரையில் தள்ளச் சொல்கிறோம். குழந்தை அங்கே உணர்வது பெரும்பாலும் தரையின் உராய்வை. அதற்குப் பதில் ஊஞ்சல். காலி ஊஞ்சலைத் தள்ளச் சொல்லுங்கள், பிறகு ஒரு பிள்ளையை உட்காரவைத்துத் தள்ளச் சொல்லுங்கள். எடையைக் கயிறு தாங்கிக்கொள்கிறது. ஆனாலும் தள்ளவும் கஷ்டம், பிடித்து நிறுத்தவும் கஷ்டம். அந்தக் கஷ்டம்தான் நிறை. உயர்நிலை வகுப்புகளுக்குச் சைக்கிள் போதும். மைதானத்தில் 20 மீட்டர் அளந்து, நின்ற இடத்திலிருந்து தனியாக ஒரு முறை, டபுள்ஸ் ஒரு முறை. கைப்பேசியில் நேரம் பாருங்கள். ஒரே மாணவன்தான் இரண்டு முறையும் மிதிக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு எஞ்சின் ஆகிவிடும்.

அந்த மாணவன் விஷயத்துக்கு வருகிறேன். மறுவாரம் தாளைத் திரும்ப வாங்கி, வகுப்பின் முன்னால் சிவப்புக் கோட்டை அடித்து, இரண்டு மதிப்பெண் போட்டேன். மற்றவர்கள் விட்டுவிடுவார்களா? “அப்போ எங்க விடை தப்பா சார்?” என்று பாதி வகுப்பு எழுந்தது. கேள்வியே சரியில்லை, தப்பு என்னுடையது என்று சொல்லி எல்லாருக்கும் அதே வினாவை மாற்றி எழுதிக் கொடுத்தேன்: சுமையைப் பாதியாக்கினால் வேகமெடுக்கும் நேரம் என்ன ஆகும், சமதளத்தில் உச்ச வேகம் என்ன ஆகும், மேட்டில் என்ன ஆகும், தனித்தனியாக எழுதுக. டயர் உருளும் தடையைப் பற்றி அன்றுதான் அவனுக்கும் சொன்னேன். கேட்டுவிட்டு, இரண்டு மதிப்பெண் வாங்கிய அந்தப் பழைய தாளை எடுத்து, ‘மாறாது’ என்பதற்கு முன்னால் ‘அதிகம்’ என்று அவனே எழுதிச் சேர்த்துக்கொண்டான்.