புத்தகத்தை மூடிவிட்டுப் படியுங்கள்!

(மாணவர் வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"பையன் இரவு பன்னிரண்டு மணிவரை படிக்கிறான் ஹஜ்ரத், மார்க்தான் வரமாட்டேன் என்கிறது" என்று பல தகப்பனார்கள் வருத்தப்படுகிறார்கள். பையன் பொய் சொல்லவில்லை. உட்கார்ந்துதான் இருந்தான். ஆனால் அவன் செய்தது வெறும் வாசிப்பு!

ஒரே பக்கத்தை நான்கு தடவை வாசித்தால் எழுத்துகள் கண்ணுக்குப் பழகிவிடும். கண்ணுக்குப் பழகியதை மனதில் பதிந்ததாக எண்ணி ஏமாறுகிறோம். பரீட்சை ஹாலில் புத்தகம் இல்லாதபோதுதான் உண்மை தெரிகிறது.

வியாபாரிகளே! அலமாரியைப் பார்த்தால் சரக்கு நிறைந்திருப்பதாகத்தான் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பியா கொள்முதல் செய்கிறீர்கள்? இருப்பு எடுக்கிறீர்கள், ஏட்டோடு சரிபார்க்கிறீர்கள், குறைகின்ற சரக்கை வாங்குகிறீர்கள். மாணவனும் தன் மனதில் இருப்பு எடுக்க வேண்டாமா?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2006-ல் வெளியிட்டார்கள். ஒரு குழு பாடத்தை நான்கு சுற்றும் வாசித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று வாசித்து, மூன்று சுற்று பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினார்கள்: 83 சதவீதம்; மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, வாசித்தவர்கள் 40-க்கு இறங்கிவிட்டார்கள். நினைவுபடுத்தியவர்கள் 61-ல் நின்றார்கள். தேர்வு ஐந்து நிமிடத்திலா வருகிறது?

இது நமக்குப் புதிதா? ஹிஃப்ழு மதரஸாவுக்குப் போய்ப் பாருங்கள். சிறுவன் இன்றைய பாடத்தை உஸ்தாதிடம் பார்க்காமல் ஒப்புவிக்கிறான். முந்தைய நாட்களின் பாடத்தையும் ஓதிக் காட்டுகிறான். பழைய ஜுஸ்உகளையும் முறைவைத்துத் திருப்புகிறான். திருப்பாவிட்டால் மறந்துபோகும் என்பது அங்குள்ள பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அந்த ஒழுங்கு பள்ளிப் பாடத்துக்கு மட்டும் ஏன் இல்லை? பள்ளிப் பாடத்தை எழுத்துக்கு எழுத்து மனனம் செய்யச் சொல்லவில்லை. புரிந்ததைச் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள் என்கிறேன்.

மாணவர்களே! மஃரிபு தொழுதபின் கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். அரை மணி நேரம் ஒரு பாடத்தைப் படியுங்கள். மூடுங்கள். வெற்றுத்தாளில் நினைவிலிருந்து எழுதுங்கள். திறந்து பார்த்து, விட்டதைச் சிவப்பு மையால் குறியுங்கள். அதை மட்டும் மறுபடி படியுங்கள். மறுநாள் ஒரு முறை, மூன்று நாள் கழித்து ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை இப்படியே செய்யுங்கள். கணக்கை விடை பார்க்காமல் போடுங்கள். தூக்கத்தைக் கெடுக்காதீர்கள்; படித்தது மனதில் உறுதிப்படுவதற்குத் தூக்கமும் தேவை.

தகப்பனார்களே! மாலை நேரத்தில் பையனைக் கல்லாவில் உட்கார வைக்காதீர்கள். புத்தகத்தை நீங்கள் கையில் வைத்துக்கொண்டு, "சொல்லு, கேட்போம்" என்று அவன் எதிரில் உட்காருங்கள். பாடம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவன் தடுமாறும் இடம் உங்கள் காதுக்குத் தெரிந்துவிடும். வீட்டிலுள்ள தாய்மார்களும் இதைச் செய்யலாம்.

மகன் கடைக்கு வருவது தவறல்ல. மற்ற வாசல்களெல்லாம் அடைபட்டதால் கடைக்கு வருகிறானே, அதுதான் இழப்பு! அந்த இழப்பைத் தடுக்க இன்றிரவே ஒரு பாடத்துக்கு இருப்பு எடுத்துப் பாருங்கள்.