கதிரைத் தடுக்கும் சுவரும் உமிச் சாம்பலும்

உமியைக் குற்றிக் கை சலித்ததென்று வீண் முயற்சியை இகழ்வது தமிழ் வழக்கு. அந்த உமியே எரிந்து சாம்பலான பின், அணுக்கதிரைத் தடுக்கும் சுவரிலே இடம்பெறும் தகுதியுடையதென்றால் நேயர்கள் வியப்படையலாம்.

புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சும் அறையிலே நோயாளி இருப்பது சில நிமிடங்களே. சுவருக்கு அப்பால் நின்று பொறியை இயக்குபவரோ ஆண்டுக்கணக்காக அங்கே பணிபுரிபவர். அவருடைய நலம் அந்தச் சுவரின் கனத்திலே தங்கியுள்ளது. சாதாரணக் கொங்கிறீற்று ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 2400 கிலோகிராம் நிறையுடையது. கருங்கல்லுக்குப் பதிலாகப் பேரைற்று, மகனதைற்று முதலிய பாரமான கனியங்களை இட்டால் அது 3500 கிலோகிராம் அளவுக்கு உயரும். ஆகவே, இடம் குறுகிய கட்டடத்திலும் மெல்லிய சுவர் போதுமானதாகிறது.

கனத்தைத் தருவது கல். ஆனால், குறை பெரும்பாலும் கல்லைப் பற்றி நிற்கும் சீமெந்துப் பசையிலேயே உண்டாகிறது. சீமெந்து நீருடன் கூடி இறுகும்போது கல்சியம் ஐதரொட்சைட்டு என்னும் சுண்ணாம்பு பிறக்கிறது. அது கல்லின் ஓரங்களிலே படிந்து, அங்கே நுண்துளைகள் மலிந்த நலிந்த படையொன்று அமைகிறது. உமிச் சாம்பலிலுள்ள சிலிக்கா இந்தச் சுண்ணாம்புடன் வினைபுரிந்து, அதனையும் ஒட்டும் பொருளாக மாற்றிவிடுகிறது. எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்து கட்டிய பண்டை உரோமர் கையாண்டதும் இதே வினைதான். மேலும், பாரமான கற்கள் ஈரக் கலவையிலே அடியில் தாழ்ந்துவிடும் இயல்பின. நுண்ணிய சாம்பல் பசையின் பிடிப்பைக் கூட்டி அதனைக் குறைக்கிறது.

எனினும், எல்லாச் சாம்பலும் இதற்கு உதவாது. ஆயிரம் கிலோகிராம் நெல்லிலிருந்து ஏறத்தாழ இருநூறு கிலோகிராம் உமியும், அதனை எரித்தால் நாற்பது கிலோகிராம் சாம்பலும் கிடைக்கும். சூடு 700 பாகை சென்ரிகிறேட்டுக்கு மேற்படாமல் எரித்தால் சிலிக்கா வினைத்திறனோடு இருக்கும். அதிகம் சூடேறினால் பளிங்காகி உறங்கிவிடும். சூட்டைக் கட்டுப்படுத்தி எரிக்கும் இவ்வழியை 1970களிலே கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் குமார் மேத்தா ஆராய்ந்து விளக்கினார். ஆலையின் பின்புறத்திலே குவிந்து கிடக்கும் கருஞ்சாம்பலில் எரியாத கரியும் மிகுதி. அதனை அப்படியே அள்ளி இடுவோர் சிக்கனம் செய்பவரல்லர், கட்டடத்தைக் கெடுப்பவர்.

அளவும் அறிதல் வேண்டும். சீமெந்தின் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு வரையே பொதுவாக மாற்றீடாகச் சேர்ப்பர். சாம்பல் நீரை மிகவும் உறிஞ்சும்; நீரைக் கூட்டினால் வலிமை குன்றும். ஆதலால் நீரைக் குறைக்கவல்ல இரசாயனக் கலவைப்பொருள் தேவைப்படும். அன்றியும், சாம்பல் சீமெந்தைவிட இலேசானது. கனத்துக்காகவே கட்டும் சுவரிலே அளவு மீறினால் அக்கனமே சற்றுக் குறையும்.

இத்தகைய அறையொன்று பாவனைக்கு விடப்படுமுன், சுவருக்கு அப்பால் கசியும் கதிரைக் கருவி கொண்டு அளப்பது முறை. சாம்பல் சேர்ந்த சுவரும் அந்த அளவீட்டிலே தேறியாகவேண்டும்.