மின் விமானம்: செலவுக் கணக்கும் தரவுக் காவலும்

(இளம் அலுவலர்களும் பொருளியல் மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



மின்சாரத்தால் பறக்கும் விமானம் இன்று கற்பனைப் பொருளன்று. ஸ்லோவேனியா நாட்டில் உருவான 'வெலிஸ் எலெக்ட்ரோ' என்னும் இருவர் அமரும் பயிற்சி விமானம், 2020 ஜூன் திங்களில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின் வகைச் சான்றிதழைப் பெற்றது. முற்றிலும் மின்சாரத்தால் இயங்கும் விமானம் ஒன்றுக்கு அச்சான்றிதழ் கிடைத்தது அதுவே முதல் தடவை. கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நம் நாட்டுக்கு இதில் ஆர்வம் எழுவது இயல்பே. இதற்கு ஆகும் செலவு என்ன, இதன் தரவு யாரிடம் செல்கிறது என்னும் வினாக்களை நாம் தனித்தனியே எழுப்பி வருகிறோம். அவை உண்மையில் ஒரே வினா என்பதே என் கருத்து.

யூனிட் விலை மட்டும் போதாது

ஒரு கிலோ விமான எரிபொருளில் ஏறத்தாழ 12 யூனிட் ஆற்றல் அடங்கியுள்ளது. ஒரு கிலோ லித்தியம் மின்கலத்தில் அடங்குவதோ ஏறத்தாழ கால் யூனிட். எஞ்சினைவிட மின் மோட்டார் திறன் மிக்கது என்பதைச் சேர்த்துப் பார்த்தாலும் இந்த இடைவெளி பெரிது. ஆதலின் பயிற்சிக்கும் குறுந்தொலைவுப் பயணத்துக்குமே இப்போது இது ஏற்றது.

ஓர் எளிய கணக்கைக் காண்போம். இதில் வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. பயிற்சி விமானம் ஒன்று மணிக்கு 20 யூனிட் செலவிடுகிறது. யூனிட் 10 ரூபாய் எனில் மின்செலவு 200 ரூபாய். அதே அளவுள்ள பெட்ரோல் விமானம் மணிக்கு 15 லிட்டரை, லிட்டர் 100 ரூபாய் வீதம் எரித்தால் 1,500 ரூபாய். இத்துடன் நின்றால் வெற்றி மின்சாரத்துக்கே. ஆனால் மின்கலமும் தேயும் பொருளே. அதன் விலை 20 லட்சம் ரூபாய், ஆயுள் 1,000 மணி எனக் கொண்டால், மணிக்கு 2,000 ரூபாய் தேய்மானம் சேர்ந்து மொத்தம் 2,200 ரூபாய் ஆகிறது. ஆயுள் 2,000 மணியானால் மொத்தம் 1,200 ரூபாயே. பிற செலவுகள் சமமெனில், இலாப நட்டத்தை முடிவு செய்வது மின்சார விலையன்று, மின்கலத்தின் ஆயுளே.

ஆயுளை அறிந்தவர் யார்?

வெப்பம், மின்னேற்றும் வேகம், ஒவ்வொரு முறையும் எவ்வளவு மின்சாரம் எடுக்கப்பட்டது ஆகியவற்றைப் பொறுத்து ஆயுள் மாறும். ஐரோப்பியக் குளிரில் கண்ட ஆயுள் நாக்பூரின் மே மாத வெயிலிலும் கிட்டும் என்று கொள்வதற்கில்லை. இவற்றையெல்லாம் மின்கல மேலாண்மைக் கருவி இடையறாது பதிவு செய்கிறது. அப்பதிவு அயல்நாட்டு உற்பத்தியாளரின் கணினிக்கு மட்டும் செல்லுமாயின், பழைய மின்கலம் தேய்ந்துவிட்டது என்று தீர்ப்புக் கூறுபவரும் அவரே; புதியதற்கு விலை கூறுபவரும் அவரே. வாங்கிய பயிற்சி நிலையத்துக்கும் கடன் கொடுத்த வங்கிக்கும் அதைச் சரிபார்க்க வழியிராது.

நாட்டின் பாதுகாப்பும் இதில் அடங்கியுள்ளது. புணே, லே போன்ற இடங்களில் பயணிகள் விமானங்கள் விமானப் படையின் ஓடுபாதையையே பயன்படுத்துகின்றன. அங்கு பறந்த பாதையும் நின்ற நேரமும் வெளியே செல்வது சிறிய செய்தியன்று. அமெரிக்க உள்துறை 2020 ஜனவரியில் தன் ஆளில்லா விமானங்களைப் பெரும்பாலும் நிறுத்திவைத்ததற்கும் இத்தகைய அச்சமே காரணம். நம் அரசு 2022 பிப்ரவரியில் அயல்நாட்டு ஆளில்லா விமானங்களின் இறக்குமதியைச் சில விலக்குகளுடன் தடை செய்தது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மனிதரைப் பற்றிய தரவைக் காக்கிறது. மின்கலத்தின் வெப்பநிலை தனிநபர் தரவன்று. அது அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

அப்படியாயின் எல்லாவற்றையும் அடைத்துவிடலாமா? கூடாது. 2013 ஜனவரியில் போயிங் 787 விமானங்களின் லித்தியம் மின்கலங்களில் கோளாறு ஏற்பட்டபோது, ஏர் இந்தியாவின் விமானங்கள் உட்பட உலகெங்கும் அவை தரையில் நிறுத்தப்பட்டன. ஒரு நாட்டில் கண்ட கோளாறு பிற நாடுகளுக்கு உடனே தெரிந்தமையாலேயே அது இயன்றது. பழுது பற்றிய தரவை மறைப்பது பயணியின் உயிரோடு விளையாடுவதாகும்.

நாம் செய்யக்கூடியது

எனவே கொள்முதல் ஒப்பந்தத்திலேயே மூன்று விதிகள் இடம்பெற வேண்டும். முதலாவது, மின்கலப் பதிவின் முழுப் படி, படித்தறியக்கூடிய வடிவில், இயக்குபவரிடம் இந்தியாவிலேயே இருத்தல் வேண்டும். இரண்டாவது, பழுது பற்றிய பதிவு உற்பத்தியாளருக்கும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கும் ஒருங்கே செல்லுதல் வேண்டும். மூன்றாவது, பாதையும் இடமும் காட்டும் பதிவு அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியேறலாகாது.

விமானத்தை வாங்கிய பின்னர் இவற்றைக் கேட்டால் விலை கூடும். சில வேளை கிடைக்காமலும் போகும். நாளை உங்கள் மேசைக்கு இத்தகைய கோப்பு வரும்போது, 'யூனிட் என்ன விலை?' என்று கேட்பதோடு, 'மின்கலத்தின் கணக்கு யார் கையில்?' என்றும் கேளுங்கள்.