பைத்தானா, ஜாவாவா: யாரிடம் கேட்பது?

(திண்டுக்கல்லில் முதல் தலைமுறைக் கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

 

கூட்டம் தொடங்கும் முன்பே நான்கைந்து பேர் கேட்டுவிட்டீர்கள்: "அண்ணே, பைத்தான் படிக்கவா, ஜாவா படிக்கவா?" சின்னக் கேள்விதான். ஆனால் அதைக் கேட்க வீட்டில் ஓர் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதில் சாதி இருக்கிறது.

சில வீடுகளில் சித்தப்பா பெங்களூரில் இருப்பார், அத்தை மகன் அமெரிக்காவில் இருப்பார். பிள்ளை +2 முடிக்கும் முன்பே போனில் பதில் வந்துவிடும். நம் ஊர் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவரின் மகளுக்கும், வேடசந்தூர் நூற்பாலைக்கு ஷிப்டு போகிறவரின் தம்பிக்கும் அந்த போன் வராது. அந்த வெற்றிடத்தில்தான் பயிற்சி மையக்காரர் வந்து நிற்கிறார். 'ஃபுல் ஸ்டாக், 100% வேலை உத்தரவாதம்' என்று பேனர் கட்டுகிறார். அம்மாவின் நகை அடகுக்குப் போகிறது. சென்னை ஐஐடியை ஆராய்ந்து அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் எழுதிய நூல், தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த சாதிச் சொத்து எப்படித் 'தகுதி' என்று பெயர் மாற்றிக்கொள்கிறது என்பதைக் காட்டுகிறது. சித்தப்பாவின் போனும் அந்தச் சொத்தில் சேர்த்திதான்.

சரி, கேள்விக்கு வருகிறேன். நம் பாடத்திட்டத்தில் +1 கணினி அறிவியலில் சி++ இருக்கிறது. +2இல் பைத்தானும் மைஎஸ்க்யூஎல்லும் இருக்கின்றன. தமிழ்வழியிலேயே இருக்கின்றன. அந்தப் புத்தகத்தை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்துவிட்டுப் பழைய பேப்பர்காரரிடம் போட்டவர்கள் திரும்ப வாங்குங்கள். பைத்தான் ஏற்கெனவே கொஞ்சம் தெரியும் என்றால் அதையே தொடருங்கள். கல்லூரி சி-யில் தொடங்கினால் சி-யிலேயே ஓராண்டு இருங்கள். நினைவகம் எப்படி வேலை செய்கிறது என்பதை அது முகத்தில் அடித்தாற்போல் சொல்லிக்கொடுக்கும். வங்கி, காப்பீடு போன்ற பெரிய அமைப்புகளுக்கு ஜாவா. இணையப் பக்கம் செய்ய ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் முடியாது. எதை எடுத்தாலும் கூடவே எஸ்க்யூஎல் படியுங்கள். 1970களில் பிறந்தது, இன்னும் சோறு போடுகிறது.

நான்கு மொழியில் 'ஹலோ வேர்ல்டு' எழுதியவரைவிட, ஒரே மொழியில் வரிசைப்படுத்தலும் தேடலும் தானே எழுதிப் பார்த்தவர் நேர்காணலில் நிற்பார். பெரிய சேவை நிறுவனங்கள் புதியவர்களை எடுத்த பிறகு தங்களுக்குத் தேவையான மொழியில் எப்படியும் பயிற்சி கொடுக்கின்றன. 2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்ய நம் நாட்டு இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்களே, அவர்கள் யாரும் கோபால் தெரிந்து பிறக்கவில்லை. 1959இல் உருவான அந்த மொழியை வேலைக்காகச் சில மாதங்களில் கற்றுக்கொண்டு கப்பலேறியவர்கள்தான். விமானம் ஏறியவர்கள் என்று சொல்ல வேண்டுமோ!

தமிழில் படித்தால் பின்தங்கிவிடுவோம் என்ற பயம் வேண்டாம். து. நித்யா எழுதிய 'எளிய தமிழில்' வரிசை நூல்களைக் கணியம் இலவசமாகவே தருகிறது. பைத்தான் 3இல் மாறிக்கு 'வயது' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், நிரல் ஓடும். கருத்தைத் தமிழில் பிடித்துக்கொண்டு கலைச்சொல்லை ஆங்கிலத்திலும் பழகுங்கள். லேப்டாப் இல்லாதவர்கள் போன் உலாவியிலேயே பைத்தான் எழுதிப் பழகலாம். கண் வலிக்கும், ஆனால் முடியும்.

இதையெல்லாம் படித்தால் சாதி போய்விடும் என்று நான் சொல்ல வரவில்லை. தோரட்டும் ஆட்வெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அழைப்பு குறைவாகவே வந்தது. 2020 ஜூனில் சிஸ்கோ நிறுவனத்தில் தலித் பொறியாளர் ஒருவர் சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானார் என்று கலிஃபோர்னியா அரசுத் துறையே வழக்குப் போட்டது. பசிபிக் கடலைத் தாண்டியும் பின்னால் வருகிற ஒன்றை பைத்தான் எப்படி நிறுத்தும்? அதற்குத் தனியார் துறையில் இடஒதுக்கீடு வேண்டும், பணியிடத்தில் சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான விதி வேண்டும். 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலிலும் 7.5% ஒதுக்கீடு கிடைத்தது. கல்லூரி வாசல் வரை வந்த அந்த நீதி, நிறுவனத்தின் வாசலில் நின்றுவிடுகிறது.

போராட்டம் முடியட்டும், பிறகு படிக்கலாம் என்று இருக்க முடியாது. பெண் பிள்ளைகளிடம் "டெஸ்டிங் போதும்மா, கோடிங் கஷ்டம்" என்று சொல்கிறவர்களையும் நம்ப வேண்டாம்.

நம் தெருவிலிருந்தும் காலனியிலிருந்தும் ஏற்கெனவே சென்னைக்கும் கோவைக்கும் வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய எண்களைச் சேர்ப்போம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அவர்கள் போனை எடுத்தால் போதும். பட்டியலை நான் தொடங்கிவிட்டேன், முன் வரிசையில் இருக்கிற நோட்டு அதுதான். கேட்க நினைப்பவர்கள் பெயரோடு, தாங்களே எழுதிய 20 வரி நிரலையும் அடுத்த வாரம் கொண்டுவாருங்கள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை.