குடற் கோளாறும் அதனினும் பெரிய அச்சமும்
(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



மலம், பேதி என்னுஞ் சொற்களைச் சபையில் உச்சரிப்பது நாகரிகமன்று என்பார் நம்மில் உளர். அந்த நாகரிகத்தினாலேயே பலர் வருஷக்கணக்காய் வாய்திறவாது வருந்துகின்றனராதலின், நாம் இன்று அதனையே பேசத் துணிந்தோம்.

ஐ.பி.எஸ். என்று வைத்தியர் வழங்கும் குடற் கோளாறு யாது? வாரத்தில் ஒரு நாளேனும் வயிற்றுவலி. மலங்கழிக்குங்கால் அது தணியும் அல்லது மிகும். சிலருக்குப் பேதி, சிலருக்குச் சிக்கல், சிலருக்கு இரண்டும் மாறி மாறி. 2016-ஆம் வருஷத்து ரோம் விதிகளின்படி, இக்குறிகள் 3 மாதம் நீடித்து, தொடங்கி 6 மாதமேனும் ஆகியிருத்தல் வேண்டும்.

நோயினும் அச்சமே இவர்களை மிக வாட்டுகிறது. 'இது புற்றாய் முற்றுமோ?' என்று இரவெல்லாம் விழித்திருப்பர். முற்றாது. இந்நோய் புற்றுநோயாக மாறுவதுமில்லை, குடலைப் புண்ணாக்குவதுமில்லை. குழாய் செலுத்திக் குடலைப் பார்த்தாலும் பழுதொன்றுந் தோன்றாது. தோன்றாமையின், வலியே பொய்யென்று வீட்டார் நகைப்பது பேதைமை. குடலுக்கும் மூளைக்கும் இடையே செல்லும் நரம்புச் செய்திகள் பிசகுதலால், இயல்பான வாயுவும் அசைவும் வலியாய் உணரப்படுகின்றன. கவலை மிகின் வயிறு கலங்கும். வயிறு கலங்கின் கவலை வளரும்.

எனினும், எல்லாவற்றையும் இக்கோளாற்றின் தலையிற் சுமத்துதலும் அபாயமே. மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல், இரத்தச் சோகை, உறக்கத்தினின்று எழுப்பும் பேதி, 50 வயதிற்குமேல் புதிதாய்த் தோன்றிய மாறுதல், நெருங்கிய உறவினர்க்குக் குடற்புற்று இருந்தமை: இவற்றுள் ஒன்று காணினும் தாமதியாது வைத்தியரிடம் செல்லவேண்டும். 'மூலந்தானே' என்று இரத்தத்தை மறைத்துக் காலங்கடத்துவோரைப் பற்றியே நமக்கு மெய்யான கவலை. முக்கியமாக, தாய்மார் இதனைக் கணவரிடமும் கூறுவதில்லை.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு வகைகள் சிலருக்கு வாயுவைப் பெருக்கும். மெல்போர்ன் நகரத்து மொனாஷ் சர்வகலாசாலையார் வகுத்த முறையில், இத்தகையவற்றைச் சில வாரங்களே நிறுத்திப் பின் ஒவ்வொன்றாய்ச் சேர்த்துப் பார்ப்பர்; ஆயுள் முழுதும் பத்தியமன்று. நம் விவாக விருந்துகளில் இலையில் மிச்சம் வைத்தாரை மனக்குறையுடன் நோக்கும் வழக்கமும் சற்றே தளரலாம். சிக்கலுடையார்க்கு ஈசப்கோல் உமி நற்றுணை. சிறிதளவில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் நிறையத் தண்ணீருடன் அருந்தவேண்டும்.