கலைக்கு உரைகல்



புத்தலப்பட்டிலிருந்து திருப்பதி வழியே சென்றால் திருக்காளத்தியை அடைகிறோம். கண்ணப்பரின் தலமாகிய அவ்வூர் கலம்காரி ஓவியத்துக்கும் பெயர் பெற்றது. கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் தோய்த்த துணியில், மூங்கில் எழுதுகோலால் இராம காதையை வரைகின்றனர். இரும்புத் துருவும் வெல்லமும் ஊறிக் கரிய மையாகின்றன.

2005-ஆம் ஆண்டில் இக்கலை புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் இயந்திர அச்சுத் துணியும் இப்பெயராலேயே விலைபோகிறது. நாமும் ஒருமுறை ஏமாந்தோம். கையால் எழுதிய கோடு தடித்தும் மெலிந்தும் ஓடும். அச்சுக்கோடு எங்கும் ஒரே படியாயிருக்கும். இதனைச் சொல்லித்தர அன்று எவருமிலர். நட்டம் நமக்குச் சில ரூபாய். ஓவியனுக்கோ பல நாள் உழைப்பின் கூலி.

விமரிசனம் என்பது குறை கூறுதலன்று; காணக் கற்பித்தல். தமிழ்த் தந்தைக்கு மகனாய்க் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1916-இல் வெளியிட்ட நூலில் இராசபுத்திர ஓவியத்தை முகலாய ஓவியத்தினின்று பிரித்துக் காட்டினார். ஒன்றெனக் கருதப்பட்டவை இரண்டெனத் தெரியலாயின.

அத்தகைய பேருரை நமக்கு இயலாதிருக்கலாம். எனினும், குடியேறிய ஊரின் கலைஞன் கைத்திறனை உற்று நோக்கி, நல்லது எது, ஏன் நல்லது என்று நான்கு வரி எழுத நம்மால் இயலும். அவ்வரிகளே அவனுக்குக் காப்பு.